கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

சில வருஷங்களுக்கு முன் பாரிஸில் ஆறு நாட்கள் இருந்தேன். திரும்பி வந்ததும் நண்பர்கள் கேட்டது லூவரைப் பற்றி. நான் லூவருக்குள் போகவில்லை. வாசலில் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கமாக நடந்துவிட்டேன். அப்புறம் ஆறு நாளும் செய்தது ஒரே காரியம்தான். கடைகளின் முன்னால் நின்றேன். 'பாரிஸ் வரைக்கும் போய்க் கடையை வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்' என்றார் ஒரு நண்பர். அவர் கேலியாகச் சொன்னதை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த 'வேடிக்கை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வாங்கும் உத்தேசமில்லாமல் கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு போவதற்கு பிரெஞ்சில் ஒரு சொல் உண்டு, லேஷ்-வித்ரீன். நேர்ப் பொருள் கண்ணாடியை நக்குவது. பார்வையை நாக்காக்கிவிட்ட சொல் இது. பசியும் அவமானமும் சேர்ந்தே அதில் இருக்கின்றன. நம்முடைய வேடிக்கையில் இரண்டும் இல்லை. தெருச்சண்டை, தேரோட்டம், தீப்பிடித்த வீடு எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல்தான். வேடிக்கை பார்ப்பவன் எதிலும் பங்காளி இல்லை, எதற்கும் ஜவாப்தாரியும் இல்லை. இது ஒரு விடுதலை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

எனக்கும் பாரிஸ் கடைகளுக்கும் பழைய சம்பந்தம் உண்டு, எல்லாம் காகிதத்தில். வால்டர் பெஞ்சமின் 1927-ல் பாரிஸின் பாஸாஜ்களைப் பற்றிக் குறிப்பெடுக்க ஆரம்பித்தான். 1940-ல் நகரைவிட்டுத் தப்பியோடும்வரை எடுத்துக்கொண்டே இருந்தான். கைப்பிரதியை ஜார்ஜ் பத்தாய் தேசிய நூலகத்தில் ஒளித்துவைத்தான். பெஞ்சமின் அதே வருஷம் ஸ்பெயின் எல்லையில் உயிரை மாய்த்துக்கொண்டான். குறிப்புகள் ஜெர்மனில் புத்தகமானது 1982-ல், முழுசாக ஆங்கிலத்தில் வந்தது 1999-ல். ஆங்கிலத்தில் வருவதற்கு முன்பே நம்மில் சிலர் அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டோம். அதில் நானும் ஒருவன். யாரோ அதைப்பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எழுதினேன். இப்போது அந்தக் கட்டுரையை எடுத்துப் பார்த்தால், அதில் பெஞ்சமின் ஒரு மூலையில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறான், பக்கத்தில் போதலேர், கொஞ்சம் தள்ளி ப்ரெஹ்ட். நன்றாகத்தான் அடுக்கியிருக்கிறேன்.

பாஸாஜ் என்பது இரண்டு தெருக்களுக்கு நடுவே கட்டிடங்களைக் குடைந்துகொண்டு போகும் நடைவழி. மேலே இரும்புச் சட்டங்களில் கண்ணாடிக் கூரை, இரண்டு பக்கமும் கடைகள், கடைகளுக்கு மேலே குடியிருப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நகரம் முழுக்க இப்படிக் கட்டினார்கள். சேறும் குதிரைவண்டியும் நடைபாதை இல்லாத தெருக்களுமாக இருந்த ஊரில், நனையாமல் நசுங்காமல் நின்று பார்க்க ஓர் இடம் கிடைத்தது. கடைக்கு முன்னால் சும்மா நிற்பது என்ற செய்கையே அங்கேதான் பழக்கமாயிற்று. இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 20.

நான் முதலில் போனது 1823-ல் கட்டிய காலரி விவியேன். பழைய தேசிய நூலகத்திற்கு அடுத்தாற்போல் இருக்கிறது. பெஞ்சமின் நூலகத்தில் உட்கார்ந்து எதைப்பற்றி எழுதினானோ அது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு ஸ்தூலமாகச் சொல்லவில்லை. உள்ளே மொசைக் தரை, வளைவுகள், ஒரு பழைய புத்தகக்கடை, ஒயின் கடை. எல்லாம் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தன. நான் எதிர்பார்த்துப் போன அழுக்கு இல்லை, புழுக்கம் இல்லை, கனவும் இல்லை. கையில் காமிராவோடு என்னைப் போலவே எதையோ படித்துவிட்டு வந்தவர்கள் சிலர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏமாற்றம் என்றுதான் சொல்லவேண்டும்.

அன்றிரவு யோசித்துப் பார்த்ததில், அந்த அழுக்கை நான் ஸோலாவிடமிருந்து எடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது. 1867-ல் வந்த 'தெரேஸ் ராக்கேன்' நாவல் போன்-நெஃப் பாஸாஜில் ஆரம்பிக்கிறது. மஞ்சளித்த கல் பதித்த தரை, அழுக்கேறிய கண்ணாடிக் கூரை, ஊசிநூல் விற்கும் இருட்டுக் கடை. ஸோலாவுக்கு அது ஒரு புதைகுழி. அவனுக்கு பாஸாஜ் மேல் காதல் ஏதும் கிடையாது. அந்த நடைவழியை 1912-ல் இடித்தார்கள், யாரும் அழுததாகத் தெரியவில்லை. காதல் பிறகு வந்தது. பாஸாஜ் த லோப்பெராவை ஓஸ்மான் புல்வாரின் நீட்டிப்புக்காக 1925-ல் இடிப்பதற்கு முன்பே, அரகோன் அதைப்பற்றி எழுதிவிட்டான். மறு வருஷம் அது 'பாரிஸ் குடியானவன்' என்ற புத்தகத்தில் வந்தது. இதைப் படுக்கையில் இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை, நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது என்று பெஞ்சமின் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறான்.

அந்தப் புத்தகத்தில் எல்லோரும் சொல்லும் இடம் கைத்தடிக் கடையின் கண்ணாடி. ராத்திரி அது கடலடி போலப் பச்சையாக ஒளிர்கிறது, கைத்தடிகள் பாசி மாதிரி அசைகின்றன, நடுவே ஒரு கடல்கன்னி. நம் பேச்சுகளில் இந்த இடம் எத்தனை முறை வந்திருக்கிறது. அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதை நாம் பேசியதில்லை. இடிக்கப்போகும் கடைக்காரர்கள் நஷ்டஈடு போதவில்லை என்று தங்கள் கடைகளில் ஒட்டிவைத்த அறிக்கைகளை அரகோன் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான். கடல்கன்னியும் நஷ்டஈட்டுக் கணக்கும் ஒரே அத்தியாயத்தில் இருக்கின்றன. நாம் கன்னியை மட்டும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஸர்ரியலிஸம் என்று இங்கே பத்து இருபது வருஷம் புழங்கியது பெரும்பாலும் இந்தப் பாதிதான்.

கைத்தடிக் கடை ஒன்று இன்னும் பாரிஸில் இருந்தது, 1840-களில் கட்டிய பாஸாஜ் ழூஃப்ருவாவில். அரகோனின் கடையல்ல, வேறு. தந்தப் பிடிகள், நாய்த்தலைப் பிடிகள், பழைய குடைகள். கடலும் இல்லை கன்னியும் இல்லை. ஒரு தடியில்கூட விலை எழுதியிருக்கவில்லை. விலை தெரியவேண்டுமானால் கதவைத் தள்ளி உள்ளே போய்க் கேட்கவேண்டும். நான் கதவருகே போய் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். ஏன் என்று அப்போது புரியவில்லை.

விலைச்சீட்டு எங்கிருந்து வந்தது? 1852-ல் பூசிக்கோ என்பவர் பங்குதாரராகச் சேர்ந்து வளர்த்த போன் மார்ஷே என்ற பாரிஸ் கடையைத்தான் சரித்திரக்காரர்கள் சுட்டுகிறார்கள். அவர் மட்டுமே கண்டுபிடித்ததல்ல, அவர் கையில் அது பெரிதாயிற்று. பொருளின் மேல் நிச்சய விலை, உள்ளே வருவதற்குக் கேள்வி இல்லை, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கு முன் கடைக்குள் காலெடுத்து வைப்பதே பாதி வாங்கியதற்குச் சமம். இனி அந்தக் கடன் இல்லை. அதே காலத்தில் பெரிய பெரிய கண்ணாடிப் பலகைகளும் வந்தன. இரண்டும் சேர்ந்தபோது தெருவில் நிற்பவனுக்கு வஸ்துவும் தெரிந்தது, விலையும் தெரிந்தது. கடைக்காரனோடு அவனுக்குப் பேசவேண்டிய அவசியம் தீர்ந்துபோயிற்று.

நம் ஊர் ஜவுளிக்கடையில் வெள்ளை விரிப்பு போட்ட திண்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, 'இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக, பார்டர் சின்னதாக' என்று வாயால் சொல்லித்தான் ஒரு புடவை அலமாரியிலிருந்து இறங்கி வரும். மனதில் இருப்பதைச் சொல்லாக்கத் தெரியாதவளுக்குப் புடவை கிடையாது. அந்தப் பேச்சில் பொய் இருந்தது, பசப்பு இருந்தது, ஜாதி பார்த்து மரியாதை இருந்தது. வாசல்படியிலேயே நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். எனவே பழைய கடைக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. விலைச்சீட்டுக்கு முன் எல்லோருடைய காசும் ஒன்று. இது சாதாரணக் காரியமல்ல. ஆனால் கேட்பது என்ற செயல் போன இடத்தில் பார்ப்பது மட்டும் நின்றது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கடை என்ற சொல்லுக்கே தமிழில் வாயில் என்றும் ஒரு பொருள் உண்டு. புறக்கடை என்கிறோமே. வாயிலை அடைத்துக் கண்ணாடி போட்ட நாளில் அந்தப் பொருளும் அடைபட்டது.

ஸோலா இதையும் பார்த்துவிட்டான். 1883-ல் வந்த 'பெண்களின் சொர்க்கம்' முழுக்க இதுதான். வெளியூரிலிருந்து தம்பிகளோடு வந்திறங்கும் தெனிஸ் பெரிய கடையின் கண்ணாடி முன் மலைத்து நிற்கிறாள். உள்ளே துணி போர்த்திய பொம்மைகள். தலை இருக்கவேண்டிய இடத்தில் விலைச்சீட்டு. இரு பக்கமும் நிலைக்கண்ணாடி வைத்து அவற்றை முடிவில்லாமல் பெருக்கியிருக்கிறார்கள். எதிர்ச்சாரியில் அவளுடைய பெரியப்பாவின் இருட்டுத் துணிக்கடை. கொஞ்சம் தள்ளி, பூரா என்ற கிழவனின் குடைக்கடை. கிழவன் பிடிகளைத் தானே செதுக்குகிறான், கடையை விற்கமாட்டேன் என்று கடைசிவரை நிற்கிறான். ஸோலா சிறிய கடைகளுக்காக இரக்கப்படுகிறான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவனுடைய வசனம் யார் பக்கம் என்று பாருங்கள். குடைக்கடை வரும் பக்கங்களில் அது கடமைக்கு நடக்கிறது. பெரிய கடையின் வெள்ளைத்துணி விற்பனை வந்ததும் மூச்சு விடாமல் அடுக்குகிறது, பக்கம் பக்கமாக, பட்டு, லேஸ், கம்பளி. நாவலாசிரியனே கண்ணாடி அலங்கரிப்பவனாகிவிடுகிறான். இயல்புவாதத்தின் விவரிப்பு ஆசைக்கும் பெருங்கடையின் அடுக்கும் ஆசைக்கும் உள்ள இந்த ரத்த சம்பந்தத்தை, நம் இயல்புவாத நாவல்களை வைத்துக்கொண்டு யாராவது ஆராயலாம். எனக்கு அதற்குப் பொறுமையில்லை.

இடையில் ஒன்று. 1897-ல் சிகாகோவில் கடைக் கண்ணாடி அலங்காரத்திற்கென்றே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். அதன் ஆசிரியர் எல். ஃப்ராங்க் பாம். 1900-ல் அவர் வெளியிட்டவற்றில் இரண்டு புத்தகங்கள். ஒன்று துணிக்கடைக் கண்ணாடிகளை அலங்கரிப்பது எப்படி என்பது. மற்றது 'ஆஸ் நாட்டு மந்திரவாதி'. திரைக்குப் பின்னால் நின்று பொறிகளை இயக்கி ஊரை மிரட்டும் அந்தச் சாமான்ய மனிதன் எங்கிருந்து வந்தான் என்று இனி தேடவேண்டாம். 1939-ல் நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் டாலி தான் அலங்கரித்துக் கொடுத்த கடைக் கண்ணாடியைத் தன்னைக் கேளாமல் மாற்றிவிட்டார்கள் என்று உள்ளே புகுந்து குளியல் தொட்டியைத் தள்ள, தொட்டியும் அவனும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவில் வந்து நின்றார்கள். கலைஞனின் கலகம் என்று இதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது, தன் சரக்கைத் தான் வைத்தபடி வைக்கவில்லை என்ற வியாபாரக் கோபமாகத்தான் படுகிறது. துஷாம்ப்பின் வழி வேறு. கடைக் கண்ணாடி தன்னை விசாரணை செய்வதாக 1913-ல் அவன் ஒரு குறிப்பு எழுதிவைத்தான். கண்ணாடியை அறுத்து உள்ளே கைவிட்டு, கிடைத்ததும் வரும் வருத்தம்தான் தண்டனை என்று அதில் வருகிறது. பிறகு எட்டு வருஷம் உட்கார்ந்து கண்ணாடியிலேயே ஒரு படைப்பைச் செய்து, முடிக்காமல் விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் ஒரு சின்னக் கடைக்குள் துணிந்து நுழைந்தேன். கையால் தைத்த நோட்டுப் புத்தகங்கள் விற்கும் கடை. பேர் வேண்டாம். நம் ஊர் ஷோரூமில் நுழைகிற மாதிரி யாரையும் பார்க்காமல் நேரே அலமாரிக்குப் போய் ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினேன். 'போன்ழூர்' என்றாள் கடைக்காரப் பெண்மணி. நான் தலையசைத்தேன். அவள் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக, ஒவ்வோர் எழுத்தாக, 'போன்ழூர்' என்றாள். அந்த ஊரில் சின்னக் கடைக்குள் வருகிறவன் முதலில் வாயைத் திறந்து வந்தனம் சொல்லவேண்டும் என்பது வழக்கம். அது அவளுடைய இடம், நான் அங்கே விருந்தாளி. எனக்கு முகம் சிவந்துவிட்டது. பேச்சுள்ள கடைகளைப் பற்றி மேடையில் பேசக்கூடியவன் நான், பேச்சில்லாமல் சரக்கின் மேல் கை வைத்தவனும் நான்தான். வந்தனம் சொல்லி, மன்னிப்பும் கேட்டு, அந்த நோட்டையே வாங்கினேன். இந்தக் கட்டுரையின் குறிப்புகள் அதில்தான் இருக்கின்றன.

அதன்பின் எனக்குச் சின்னக் கடைகளின் கண்ணாடிகள் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. பாஸாஜ் தே பனோராமாவில் தபால்தலைக் கடைகள் இருக்கின்றன. மூக்கைக் கண்ணாடியில் ஒட்டினாலொழிய எதுவும் தெரியாது, கடைக்காரருக்கு அதைப்பற்றிக் கவலையும் இல்லை. ரூ தே ஆல் தெருவில் எலிப்பொறி விற்கும் ஓரூஸ் கடை, 1872-ல் ஆரம்பித்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் பாடம் செய்த எலிகளைப் பொறிகளோடு வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 1925 வாக்கில் பக்கத்து மார்க்கெட்டில் பிடிபட்டவையாம். அந்த மார்க்கெட் 1969-ல் ஊருக்கு வெளியே போய்விட்டது, மண்டபங்களையும் 1971-லிருந்து இடித்துவிட்டார்கள். எலிகள் மட்டும் பாக்கி. அலங்காரம் என்ற பேச்சே இங்கே இல்லை. இது எங்கள் தொழில், இது எங்கள் அத்தாட்சி, அவ்வளவுதான். பாரிஸில் நான் பார்த்த கண்ணாடிகளில் சிறந்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். அதற்கு முன்னால் கூட்டமாக நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. 2007-ல் வந்த ஒரு கார்ட்டூன் படத்தில் அந்தக் கண்ணாடி வந்துவிட்டது. எலிகளுக்கு இப்போது இரண்டாவது உத்தியோகம்.

இதுதான் சங்கடம். சிறியது, பழையது, தனியொருவருடையது என்பதே இன்று நல்ல சரக்கு. பனோராமாவிலேயே ஸ்டெர்ன் என்ற பழைய செதுக்குக் கடை இருந்தது, விசிட்டிங் கார்டும் அழைப்பிதழும் பொறித்துக் கொடுத்த இடம். 2014-லிருந்து அது சாப்பாட்டுக்கடை. மரவேலைப்பாடும் பெயரும் அப்படியே இருக்கின்றன, செதுக்குவதுதான் இல்லை. காலரி வேரோ-தோதா அருகே 1991-ல் ஒரு சின்னச் செருப்புக்கடை திறந்த லூபுத்தானின் சிவப்பு அடிப்பாகம் இன்று உலகம் பூராவும் தெரியும். உலகக் கம்பெனிகள் புதிதாகத் திறக்கும் கடைகளிலோ பழைய மரமேஜையும் கையெழுத்து மாதிரி அச்சிட்ட விலைச்சீட்டும் வைக்கிறார்கள். புத்திக் என்ற சொல்லின் மூலம் கிரேக்கத்தில் சரக்கு வைக்கும் கிடங்கைக் குறித்தது. இன்று சரக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு அது புத்திக்.

இதைச் சொல்லும்போது நம்மைச் சொல்லாமல் இருப்பது யோக்கியமல்ல. சில நூறு பிரதிகள், மங்கிய அச்சு, விளம்பரமில்லாத அட்டை. நாமும் இப்படி ஒரு கடைதான் வைத்திருக்கிறோம். ஆரம்பத்தில் பணமில்லாததால் அப்படி இருந்தது. எப்போதிலிருந்து அது நம் அடையாளமாயிற்று? சின்னதாக இருப்பதாலேயே நாம் செய்வது சரி என்ற எண்ணம், எந்தப் பெரிய பத்திரிகையின் ஆரவாரத்துக்கும் குறைந்த காட்சிவைப்பல்ல. என் பெஞ்சமின் கட்டுரையில் பெஞ்சமினிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு ஒரு போன்ழூர்கூடச் சொல்லவில்லை. எடுத்து வைத்தேன், வெளிச்சம் போட்டேன். பார்த்தவர்கள், நம்மவர்கள்தான், பார்த்துவிட்டுப் போனார்கள். வேடிக்கை பார்ப்பதில் உள்ள விடுதலை என்று நான் நினைத்தது இதைத்தான்.

கவிதை விஷயம் இன்னும் மோசம். நகரத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதிய கவிதைகளில் பாதியாவது கண்ணாடிக்குப் பின்னால் வைத்த சாமான்கள். துருப்பிடித்த சைக்கிள், ஒற்றைச் செருப்பு, போஸ்டர் தின்னும் மாடு. ஒவ்வொன்றுக்கும் இடையில் சரியான இடைவெளி, மேலிருந்து ஒரே சீரான வெளிச்சம். இதற்குப் படிமம் என்று பெயர் வைத்து, பேச்சைக் கவிதையிலிருந்து துரத்தியதை ஒரு சாதனையாகச் சொல்லிவந்திருக்கிறோம். நானும் சொன்னேன். மேடைக் கவிதையின் கூச்சலுக்கு எதிராக அன்று அது அவசியமாயிருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் எதையோ கேட்கிற கவிதை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கள் போதும்.

அட்ஜேயை இங்கேதான் கொண்டுவர வேண்டும். 1857-ல் பிறந்து 1927-ல் இறந்த இந்த மனிதன் நடிகனாக இருந்து தோற்றுப்போய், கனமான பெட்டிக் காமிராவைத் தூக்கிக்கொண்டு முப்பது வருஷத்துக்குமேல் பாரிஸைப் படமெடுத்தான். கலைஞர்களுக்கான ஆவணங்கள் என்று தன் வாசலில் பலகை மாட்டியிருந்தான். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் படம் விற்றுப் பிழைத்தான். அதே தெருவில் குடியிருந்த மான் ரே, 1912-ல் கிரகணம் பார்க்கும் கூட்டத்தை அட்ஜே எடுத்த படத்தை 1926-ல் ஸர்ரியலிஸ்டுகளின் பத்திரிகை அட்டையில் போட ஏற்பாடு செய்தபோது, என் பெயரைப் போடவேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்று அட்ஜே சொன்னதாக மான் ரே பின்னாளில் சொல்லியிருக்கிறான். பெயர் போடாதே என்று ஒரு சிறுபத்திரிகையிடம் கேட்டவனை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

அவன் எடுத்த கடைக் கண்ணாடிகளில் இரண்டு. ஒன்று 1912-ல் ஸ்த்ராஸ்பூர் புல்வாரில் ஒரு கச்சைக் கடை. தலையில்லாத உடல்கள் வரிசையாகக் கச்சை அணிந்து நிற்கின்றன. வெளியே வாசலில் தொங்கவிட்ட ஒன்று காற்றில் ஆடியிருக்கிறது. காமிரா நெடுநேரம் திறந்திருந்ததால் அது மட்டும் மங்கலாகப் பதிந்துவிட்டது. நிற்பவை எல்லாம் செத்தவை, மங்கியதுதான் உயிர். மற்றது 1925-ல் கோப்ளேன் அவென்யூவில் எடுத்தது. கோட்டு சூட்டு போட்ட ஆண் பொம்மைகள் விலைச்சீட்டோடு கண்ணாடிக்குப் பின்னால் சிரிக்கின்றன. அவற்றின் மேலேயே எதிர்ச்சாரிக் கட்டிடமும் மரங்களும் விழுந்திருக்கின்றன. எது உள்ளே, எது வெளியே என்று கண் தடுமாறுகிறது. திறமைசாலியான போட்டோகிராபர் கோணத்தை மாற்றியோ துணி பிடித்தோ இந்தப் பிரதிபலிப்பைத் தவிர்த்திருப்பான். அட்ஜே தவிர்க்கவில்லை. பார்க்கிறவன் நிற்கிற தெருவை அவன் படத்திலிருந்து துடைக்கவில்லை. இந்தப் படங்களின் நெகடிவ்களும் கண்ணாடித் தகடுகள்தான். கண்ணாடியைக் கண்ணாடியில் பிடித்திருக்கிறான். நான் கேட்கும் கவிதை ஏறக்குறைய இதுதான், இதற்குமேல் விளக்க எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் அந்தக் கச்சைக் கடை இருந்த ஸ்த்ராஸ்பூர் புல்வாருக்கே போனேன். கடை இல்லை, எதிர்பார்த்ததுதான். அந்த புல்வார் 1828-ல் திறந்த பாஸாஜ் ப்ராதியை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. ப்ராதியில் இந்திய, பாகிஸ்தான் சாப்பாட்டுக்கடைகள். மேலே அதே கண்ணாடிக் கூரை, கீழே மல்லித்தழை வாசம். துடைத்து வைத்த விவியேனைவிட ஸோலாவின் பாஸாஜுக்கு இது நெருக்கம் என்று எண்ணிக்கொண்டேன். ப்ராதியின் மறுமுனை ஃபோபூர் ஸேன்-தெனி தெருவில் திறக்கிறது. அங்கிருந்து வடக்கே நடந்தால் கார் து நோர் ரயில் நிலையம், அதைத் தாண்டி லா ஷாப்பெல். திடீரென்று பெயர்ப்பலகைகள் தமிழில் வந்தன. 1980-களில், முக்கியமாக 1983 ஜூலைக்குப் பின், இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்கள் உண்டாக்கிய கடைத்தெரு.

அந்தக் கண்ணாடிகளில் அலங்காரம் என்று ஒன்றும் இல்லை, இடமும் இல்லை. கழுத்துவரை நகை போட்ட பொம்மைகளுக்கு ஜரிகைச் சேலை. பக்கத்தில் இடியப்ப உரல், புட்டுக்குழல், குத்துவிளக்கு, கோயில் திருவிழா நோட்டீஸ். வாசலில் பெட்டி பெட்டியாக முருங்கைக்காய், வாழைப்பூ. ஒரு சேலைப் பொம்மையின் முகத்தின் மேல் எதிர்ச்சாரியின் ஆறு மாடிக் கட்டிடமும் சாம்பல் கூரையும் விழுந்திருந்தன, அதன்மேல் என் முகமும். நான் அட்ஜேயை நினைத்துக்கொண்டேன், உடனே வெட்கமாகவும் இருந்தது. வீடு எரிந்து ஓடி வந்தவர்கள் பிழைக்க வைத்த கடையின் முன் நின்று ஒரு போட்டோவை நினைக்கிறேன். அவர்களுக்கு இது பாஸாஜும் இல்லை, கனவும் இல்லை. வாடகை, லைசன்ஸ், ஊருக்கு அனுப்பவேண்டிய பணம்.

தூறல் போட ஆரம்பித்தது. நான் நகரவில்லை. கடை வாசலில் இருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'கனநேரமாய்ப் பாத்துக்கொண்டு நிக்கிறியள். உள்ளுக்கு வாங்கோ அண்ணை, நனையாதேங்கோ' என்றார்.

உள்ளே போனேன். 'வணக்கம்' என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

'இந்தியாவோ?'

'ஆமாம், மெட்ராஸ் பக்கம்.'

'என்ன வேணும்?'

எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. கண்ணாடியில் குடை எதுவும் பார்த்த ஞாபகமில்லை, இருந்தாலும், 'குடை இருக்கா?' என்று கேட்டேன்.

'கிடக்கு, பொறுங்கோ' என்று திரைக்குப் பின்னால் போனார். பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. மூன்று குடைகளோடு வந்து, ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி, ஒன்றைத் தானே ஒதுக்கிவைத்தார். 'இது காத்துக்கு மடங்கிப் போகும், வேண்டாம்.' ஒன்றிலும் விலைச்சீட்டு இல்லை. விலை கேட்டேன், சொன்னார். அதிகம்தான். நம் ஊராயிருந்தால் பேரம் பேசியிருப்பேன், அவரும் அதற்கு ஆயத்தமாக நிற்கிற மாதிரி இருந்தது. சொன்ன காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.